வயிற்றுக்கும் கழுத்துக்கும் நடுவில்

கண்ணை மூடிக்கொண்டாள்.

பாயில் மல்லாந்து படுத்திருந்தாள். தலைமாட்டில் அவள் கணவர், சம்மணம் போட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு.

"ஆரம்பிக்கட்டுமா, ராசக்கனி?"

"ம்."

"கால் வெரல்! கால் வெரல் லூசா விடு!"

பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஏங்க, கோவில்பட்டி வந்திருச்சு எறங்குங்கன்னு சொல்ற மாதிரி இருக்கு. மெதுவாச் சொல்லுங்க."

ஆயுசில் பாதியைப் பஸ் கண்டக்டராகக் கழித்த குரல். ஓய்வுபெற்ற பிறகும் அதற்கு அடங்கத் தெரியவில்லை.

புற்றுநோய் ஆஸ்பத்திரியில், சிகிச்சை முடிந்த பெண்களுக்குச் சனிக்கிழமைதோறும் தியான வகுப்பு. கால் விரலில் தொடங்கி உச்சந்தலை வரை ஒவ்வொரு இடமாக மனசைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அந்த இடத்தை இளக விட வேண்டும். வீட்டில் செய்து பார்க்க, போனுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார்கள்.

ஆண் குரல்.

முன்பின் தெரியாத யாரோ தன் உடம்பை இடம் இடமாகச் சொல்லக் கேட்டதும், அவள் எழுந்து உட்கார்ந்து மாராப்பைச் சரிசெய்துகொண்டாள்.

அப்போதுதான் அவர், "நான் சொல்றேன்" என்றார். வகுப்பு முடியும்வரை வெளி பெஞ்சில் காத்திருப்பவர். கேட்டுக் கேட்டு வரிசை பாடமாகியிருந்தது.

"பாதம்."

குரல் தணிந்திருந்தது. மருந்து ஏற்றி ஏற்றி மரத்துப்போன பாதத்தில் ஏதோ லேசாக ஊர்ந்தது.

"முட்டி... தொடை... இடுப்பு..."

ஒவ்வொன்றாக விட்டாள்.

"வயிறு."

மூச்சு ஏறி இறங்கியது. அடுத்தது எதுவென்று அவளுக்குத் தெரியும். காத்திருந்தாள்.

"கழுத்து" என்றார்.

அவள் கண்ணைத் திறந்தாள்.

அவர் அண்ணாந்து, சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறந்துவிட்டாரா? தூங்கிப்போன ஆளையும் தோளைத் தட்டி அவரவர் ஊரில் இறக்கிவிட்ட மனுஷன்.

போன கார்த்திகையில் இடது மார்பை எடுத்தார்கள். அன்றிலிருந்து அவர் அவளுக்குக் கஞ்சி காய்ச்சியிருக்கிறார். வாந்தி அள்ளியிருக்கிறார். தலையணையில் உதிர்ந்துகிடந்த முடியை, அவள் விழிப்பதற்குள் பொறுக்கி எடுத்திருக்கிறார்.

ஆனால் கட்டுப் பிரித்த அன்று எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். அவள் சேலை மாற்றினால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

அருவருப்புதான் என்று அவள் முடிவுகட்டியிருந்தாள். கேட்டதில்லை. கேட்டு, ஆமாம் என்று அவர் முகம் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு அந்த முகத்தோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது?

"தாடை" என்றார் அவர்.

கண்ணை மூடிக்கொண்டாள். மூடினால்தான் கேட்க முடியும் போலிருந்தது.

"ஏங்க."

"ம்?"

"நடுவுல ஒண்ண விட்டுட்டீங்க."

மின்விசிறி கடகடத்தது. அவர் துண்டால் முகத்தைத் துடைக்கும் சத்தம் கேட்டது.

"மறக்கல கனி."

"பெறகு?"

"பேரச் சொன்னா வலிச்சிருமோன்னு..."

இவ்வளவுதானா. இத்தனை மாதமும் இவ்வளவுதானா.

அவளுக்கு அவரை நாலு வார்த்தை திட்ட வேண்டும் போலிருந்தது. தன்னையும் சேர்த்து.

"வலிக்காது" என்றாள். "சொல்லுங்க."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நெஞ்சு."

எந்த ஊரின் பெயரையும் அவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

"வலப் பக்கம்... லூசா விடு."

விட்டாள்.

"இடப் பக்கம்..."

குரல் அங்கே தட்டி நின்றது.

"அங்க என்ன சொல்லட்டும் கனி?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். கொஞ்ச நேரம் அங்கனயே இருங்க."

இருந்தார்.

தெருவில் பால்காரர் மணியடித்தார். மறுபடியும் அடித்தார். போய்விட்டார்.

அந்த இடத்தின் மேல் அவளுடைய வலது கை கிடந்தது. தூங்கும்போதுகூட அது அங்கேதான் கிடக்கும்.

மெதுவாக அதை எடுத்துப் பாயில் வைத்தாள்.

அவர் எங்கே பார்க்கிறார் என்று தெரிந்துகொள்ள, அவள் கண்ணைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.