மேலே வந்த பிறகு

ஷெர்லின் முகத்தைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினாள்.

விலங்கியல் ஆய்வக மேசையில் ஒரு பிளாஸ்டிக் பேசின், அது நிறைய ஐஸ் தண்ணீர். கூடப் படிக்கிற ஆக்னஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

எவ்வளவு நேரம் மூச்சடக்குவோம் என்று முன்னாலேயே போர்டில் எழுதிவிட வேண்டும். செய்து பார்த்தபின், நம்மை நாமே எவ்வளவு சரியாகக் கணித்தோம் என்று சொல்ல வேண்டும். இது பேராசிரியையின் ஏற்பாடு. போதும் என்று பட்டால் தலையைத் தூக்கிவிடலாம்; வீம்பு கூடாது.

ஷெர்லினுக்கு இது மானப் பிரச்சினை. போன செமஸ்டரில் எல்லாம் தெரியும் என்று தெம்பாகப் பரீட்சை எழுதி, அரியர் வாங்கியவள். உனக்கு உன்னையே தெரியவில்லை என்று பேராசிரியை எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். இன்றைய கணிப்பு ஒரு நொடிகூடப் பிசகக் கூடாது.

அதனால் யாருக்கும் தெரியாமல் ஒரு வேலை செய்தாள். சங்கு குளிக்கிற வீட்டுப் பெண் அல்லவா! குனிவதற்கு முன் வேகவேகமாகப் பெருமூச்சு இழுத்து விட்டுக்கொண்டாள். அப்படிச் செய்தால் மூச்சு முட்டுவது தெரியாது. தெரியாதே தவிர, மூச்சு தீர்ந்துகொண்டுதான் இருக்கும். செய்யவே கூடாது என்று பேராசிரியை சொன்னது இதைத்தான்.

முதலில் நெற்றி விறைத்தது. நெஞ்சு கொஞ்சம் அடித்துக்கொண்டது. பிறகு அதுவும் அடங்கி, சுகமாக இருந்தது.

போதும் என்று தோன்றியது. தலையைத் தூக்கினாள்.

போர்டில் எழுதிய நேரம், அச்சு அசலாக.

வகுப்பே கைதட்டியது. சத்தம்தான் ஏனோ சுவருக்கு அப்பாலிருந்து கேட்டது. முகம் இன்னும் சில்லென்றே இருந்தது.

யாரோ துண்டை நீட்டினார்கள். நிமிர்ந்து பார்த்தாள். அண்ணன் பால்துரை. இவனை யார் உள்ளே விட்டது என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

"பாத்தியாண்ணே, கரெக்டாச் சொல்லிட்டேன்."

பால்துரை சிரிக்கவில்லை. அவன் தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. போன தவக்காலத்தில், சங்கு குளிக்கப் போன இடத்தில் செத்துப்போன அவனைத் தூக்கிவந்து கரையில் கிடத்தியபோதும் இப்படித்தான் சொட்டியது.

"எந்திரி, ஏளா," என்றான். "நானும் மேல வந்துட்டேன்னுதான் நெனச்சேன்."