அம்மா வீட்டுச் சீர்

"எப்பப் பாரு மூத்திரப்பையில வலின்னு புலம்புறே! எல்லாம் உங்கம்மா வீட்டுச் சீர்!" என்று மருமகள் சுகந்தியிடம் முணுமுணுத்த கற்பகம், "இந்த ஏசி எனக்கு ஒத்துக்கலை" என்று பாத்ரூமுக்கு ஓடினாள். ஜனக்புரியிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் வந்து இறங்கியபின் இது நான்காவது முறை.

டாக்டர் கபூர் சுகந்தியிடம் இந்தியில் கேட்டார்: "இந்த வலி பரம்பரையா வருதான்னுதான் எங்க ஆராய்ச்சி. உங்கம்மா பக்கம் யாருக்கும் இல்லை. அப்பா பக்கம்?"

"ஒருத்தங்களுக்கு இருக்கு டாக்டர். ஆனா ஒத்துக்கவே மாட்டாங்க."

"அச்சா! அவங்க ரத்தம் வேணுமே. எப்போ கூட்டிட்டு வருவீங்க?"

பாத்ரூம் கதவு திறந்தது.

"இதோ, வந்துட்டாங்க."

"இவங்க உங்க மாமியாராச்சே?"

"ஆமா. எங்கப்பாவோட கூடப்பிறந்த அக்காவும் இவங்கதான்."

சுகந்தி தமிழுக்கு மாறினாள். "கையை நீட்டுங்க அத்தை. இது உங்கம்மா வீட்டுச் சீராம்!"