தோளில் சாயாதே

"குறை இவ வீட்டுக்காரர்கிட்ட, டாக்டர். இவகிட்ட எதுக்கு ரத்தம் எடுத்தீங்க?"

கேட்டது அக்கா. தங்கச்சி பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துணிக்கடையில் ஆல்டரேஷன் தைப்பவள். வயது நாற்பத்தி நாலு.

டாக்டரம்மா ரிப்போர்ட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எட்டு மாசமா ஹால்ல சோபாவுல படுக்கிறார் மனுஷன். ஆண் ஹார்மோன் கம்மியாம். தினம் குளிச்சதும் தோள்ல ஏதோ ஜெல் தடவிக்கிறார். அது பொம்பளை மேல பட்டா ஆகாதாம். தோள்ல சாயாதே, கிட்ட வராதேங்கிறார். ஊர்ல இருக்கிற லிப்டையெல்லாம் ரிப்பேர் பண்ணி ஏத்தி இறக்குறார், வீட்டுல மட்டும்..."

"அக்கா, போதும்."

"என்ன போதும். துணிமணியை எடுத்துக்கிட்டு என்கூட வாடின்னு எத்தனை தடவை சொல்றேன்."

டாக்டரம்மா நிமிர்ந்தாள். "நோயாளி நீங்களா, அவங்களா?"

தங்கச்சி பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லும்மா. ஆபரேஷன் ஆகி எவ்வளவு நாளாச்சு?"

"ரெண்டு வருஷம். கர்ப்பப்பை, சினைப்பை எல்லாத்தையும் எடுத்துட்டாங்க."

"அப்புறம்?"

"உடம்பு தீயா எரியும். தூக்கம் வராது. அதுக்கு மாத்திரை குடுத்தாங்க, இப்ப தேவலை."

"மத்தது?"

அவள் அக்காவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மேஜையைப் பார்த்துப் பேசினாள்.

"அது வரலை டாக்டர்."

"அவர் மேல ஏதாவது கோபமா?"

"சேச்சே. அவர் வண்டிச் சத்தம் கேட்டா இன்னிக்கும் எழுந்து வாசலுக்குப் போறேன். ஆனா கிட்ட வந்தா உள்ளே ஒண்ணுமே அசையலை. ஆசை வரலை. வரணும்னுதான் ஆசையா இருக்கு."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

"தைராய்டு சரியா இருக்கு. ரத்தசோகை இல்லை. ஆசையைக் குறைக்கிற மாத்திரை எதுவும் நீ சாப்பிடலை, வீட்டுல சண்டையும் இல்லை. பேருதான் ஆண் ஹார்மோன். பொம்பளை உடம்புலயும் அது சுரக்கும். சினைப்பையை எடுத்தா பாதியாக் குறைஞ்சிடும். உனக்கு ஆகியிருக்கிறது அதுதான்னு நினைக்கிறேன்."

"அப்ப குறை எனக்கா?"

தங்கச்சி நிமிர்ந்து பார்த்தாள்.

"குறையாவது ஒண்ணாவது. சர்க்கரை மாதிரி இதுவும் ஒரு கோளாறு. ஆம்பளைக்குத் தர்றதுல பத்துல ஒரு பங்கு தர்றேன். தொடையில தடவு. ஆறு மாசம் பாப்போம். நடுவுல ரத்தம் பாக்கணும். முகத்துல முடி வந்தாலோ குரல் தடிச்சாலோ நிறுத்திட்டு ஓடி வா." எழுதிக்கொண்டே கேட்டாள். "வீட்டுக்காரருக்கு எங்க ரத்தம் எடுத்தாங்க?"

"எடுத்த மாதிரி தெரியலை. ஏதோ ஆஸ்பத்திரியில லிப்ட் பாக்கப் போனாராம். அங்கேயே டாக்டரைப் பார்த்தேன்னார்."

பேனா நின்றது.

"காலையில, ரெண்டு தனித்தனி நாள் ரத்தம் எடுக்கணும். ரெண்டுலயும் கம்மியா இருந்தாத்தான் அந்த ஜெல். எங்கே அது?"

கைப்பையிலிருந்து டியூப் வந்தது. மேலே ஒட்டியிருந்த காகிதத்தை யாரோ சுத்தமாகச் சுரண்டி எடுத்திருந்தார்கள். டாக்டரம்மா புறங்கையில் கொஞ்சம் பிதுக்கித் தேய்த்தாள். காத்திருந்தாள். மறுபடி தேய்த்தாள்.

"அந்த ஜெல்னா இதுக்குள்ள ஸ்பிரிட் மாதிரி காஞ்சிருக்கும். இது பிசுபிசுங்குது. கை வெடிப்புக்குப் போடற களிம்பு."

வெளியே வந்ததும் அக்கா பிடித்துக்கொண்டாள்.

"பார்த்தியா. மருந்தும் பொய், நோயும் பொய். ஒரு ஆம்பளை எனக்கு முடியலைன்னு வலிய வந்து பொய் சொல்வானாடி? வேற எவளோ இருக்கா. ஆறு மணிக்கு வர்றேன். பையோட தயாரா இரு."

தங்கச்சி வீட்டுக்குப் போனாள். நாலு துணியை மடித்துப் பையில் வைத்தாள். ஜிப்பை இழுத்தாள்.

வண்டிச் சத்தம் கேட்டது. எழுந்து வாசலுக்குப் போனாள்.

அவர் பையைப் பார்த்தார்.  கையைக் கழுவிக்கொண்டு வந்து சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார். எவ்வளவு கழுவினாலும் நகக்கண்ணில் கிரீஸ் மிச்சமிருந்தது.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். எட்டு மாதமாகத் தள்ளி நின்று பார்த்த தோள். தலையை அதன்மேல் வைத்தாள்.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தள்ளிக்கோ. மருந்து ஒட்டிக்கும்."

"ஒட்டட்டும். எனக்கும் கை வெடிச்சிருக்கு."



வாசலில் அக்கா செருப்பைக் கழற்றும் சத்தம். தங்கச்சி அவர் தோளிலிருந்து தலையை எடுக்காமலே கேட்டாள்.

"உங்களுக்கு ஒண்ணுமில்லை. அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க? அந்த ஜெல் பத்தி யார் சொல்லிக் குடுத்தா?"

"ஆஸ்பத்திரி லிப்டுக்குள்ள நோட்டீஸ் ஒட்டியிருந்துச்சு. வேலை முடியற வரைக்கும் அதைத்தான் படிச்சிட்டு இருந்தேன்."

"அதான், ஏன்?"

அவர் நகக்கண்ணைச் சுரண்டிக்கொண்டே சொன்னார்.

"நீதான், 'நான் மரக்கட்டை ஆயிட்டேன், இனிமே நான் பொம்பளையே இல்லை'ன்னு தினம் அழுதே. குறை எனக்குன்னு சொன்னேன். அன்னியிலேர்ந்து நீ அழலை."