கிளாஸைக் கீழ வெச்சுட்டுப் பேசு

"நடிப்பு கொஞ்சம் ஓவரா இருக்கு மெர்வின், குறைச்சுக்கோங்க."

சொன்னது டைரக்டர் ஃபின்லே. அவன் வாய் மூடிய பிறகு, மொழிபெயர்ப்பாளர் இங்க்ரிட்டின் கைகள் அதை எங்களுக்குச் சைகையில் சொல்லி முடித்தன.

நாற்காலியில் இருந்த மெர்வின் சரியென்று தலையாட்டினார்.

மதியத்திலிருந்து இது ஆறாவது டேக். ஆஸ்திரேலியாவில், வொலங்காங் ஊரில், எங்கள் காது கேளாதோர் கிளப்பின் ஹாலில் படப்பிடிப்பு. பக்கவாதம் வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று எங்கள் ஆட்களே எங்கள் மொழியில் சொல்லும் மூன்று நிமிடப் படம்.

இதற்காக இரண்டு வருஷம் நாயாய் அலைந்தவள் நான். சுகாதாரத் துறைக்கு எத்தனை கடிதம், அவர்களோடு எத்தனை கூட்டம்! போகும்போதெல்லாம் அதே போஸ்டரைக் கையில் திணித்து அனுப்புவார்கள். முகம் கோணுகிறதா? கையைத் தூக்க முடிகிறதா? பேச்சு குழறுகிறதா?

பேச்சாம், பேச்சு! பிறந்ததிலிருந்து வாயால் ஒரு வார்த்தை பேசாத ஆளிடம் போய் என்ன குழறலைத் தேடுவது? எங்களுக்குக் குழறுவது கை. அதை எந்தப் போஸ்டரில் போட்டார்கள்?

கடைசியில் வேண்டாவெறுப்பாகச் சம்மதித்தார்கள். நடிக்கிறவரை நீங்களே பிடித்துக் கொடுங்கள், உடம்பு நன்றாக இருக்கிறவராக இருக்கட்டும், இன்ஷூரன்ஸ் தொல்லை என்றார்கள். படிவத்தில் மெர்வின் பெயரை எழுதினேன். இன்று காமிராக்காரர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அவரைக் கொண்டுவந்து அந்த நாற்காலியில் உட்கார வைத்தேன்.

ஐந்து மணிக்குள் இந்தக் காட்சி சரியாக வராவிட்டால் தூக்கிவிடுவோம், அந்த இடத்தில் போஸ்டரையே காட்டிவிடுவோம் என்று ஃபின்லே முதலிலேயே சொல்லிவிட்டான்.

ஏழாவது டேக்.

காட்சி சின்னதுதான். சாப்பாட்டு மேசையில் ஒரு மனிதர் உதவி கேட்கிறார். எங்கள் சைகையில் உதவி என்றால் வலது கை போய் இடது உள்ளங்கைமேல் உட்கார வேண்டும்.

மெர்வினின் வலது கை வந்தது. கீழே உள்ளங்கை இல்லை. திரும்பவும் வந்தது. திரும்பவும் வெறும் காற்றில் நின்றது.



ஃபின்லே உதட்டைப் பிதுக்கினான். "இடது கை இவ்வளவு செத்துக் கிடந்தா, பக்கத்துல இருக்கறவங்களுக்கு உடனே தெரிஞ்சிடாதா? பாக்கறவங்க நம்ப மாட்டாங்க."

உடனே தெரிந்துவிடுமாம். நல்லா தெரிஞ்சுதே!

இதே ஹால்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை மதியம். வெளியே அடுப்பில் சாசேஜ் வெந்துகொண்டிருந்தது. கிளப்பில் நாங்கள் ஒரு கையில் பீரும் மறு கையில் பேச்சுமாகத்தான் இருப்போம். பாதிச் சைகையைப் பார்த்தே மீதியைப் புரிந்துகொள்வது எங்களுக்குப் பழகிப்போன விஷயம். அன்றைக்கு மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் ஒரு கையாலேயே பேசிக்கொண்டிருந்தார். மறு கை மேசைக்கு அடியில் இருந்தது. மடியில் கிளாஸைப் பிடித்திருக்கிறார் என்று நினைத்தோம்.

அவர் பெண்டாட்டியே கிண்டலடித்தாள். "யோவ், கிளாஸைக் கீழ வெச்சுட்டுப் பேசுய்யா! பாதிப் பாதியா என்ன பேச்சு?"

மேசையே சிரித்தது. அவர் திரும்பத் திரும்பக் கையைக் காற்றில் கொண்டுவந்தார், நாங்கள் திரும்பத் திரும்பச் சிரித்தோம். ஒரு மணி நேரம் இருக்கும்.

அவர் கிளாஸ் பக்கத்து மேசையில் இருந்தது. ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பேச்சு குழறுகிறதா என்று எழுதிக் கேட்டார்கள். இவர் பேசவே மாட்டார் என்று எழுதிக் கொடுத்தோம். சரி, பேச்சில் மாற்றம் இல்லை என்று கட்டத்தில் டிக் அடித்தார்கள். சைகை தெரிந்தவர் வந்து சேர்வதற்குள், மருந்து போடவேண்டிய நேரம் தாண்டிவிட்டது. சண்டாளப் பாவிகள் என்று அவர்களைத் திட்டாத நாள் இல்லை. அவர்களைத் திட்டுவது சுலபம்.

மணி நாலே முக்கால்.

"இதான் கடைசி" என்றான் ஃபின்லே. "இடது கையைக் கொஞ்சம் தூக்குங்க, மெர்வின். லேசா தூக்கினா போதும்."

இதைச் சைகையில் சொல்லும்போது இங்க்ரிட் என் பக்கம் திரும்பவில்லை. அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்ததை வெளியே சொல்லக் கூடாது என்பது அவள் தொழில் தர்மம்.

மெர்வின் கொஞ்சம் யோசித்தார். பிறகு வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்தார். தூக்கினார். மேசைமேல் கொண்டுவந்து வைத்தார். தினமும் காலையில் நான் சட்டை மாட்டிவிட வந்து நின்றால் எப்படி எடுத்து வைப்பாரோ, அப்படி.

ஃபின்லே துள்ளிவிட்டான். "அடேயப்பா! இதான், இதான் வேணும்! எங்கங்க கத்துக்கிட்டீங்க இதை?"

மெர்வின் ஒற்றைக் கையால் பதில் சொன்னார். அதைக் குரலில் சொல்ல இங்க்ரிட் வாயைத் திறந்தாள், மூடினாள், பிறகுதான் சொன்னாள்.

"இதே ஹால்லதான். என் பெண்டாட்டி கிளாஸைக் கீழ வைக்கச் சொன்னப்போ."

ஃபின்லேவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதோ ஜோக் என்று சிரித்துவிட்டு, காட்சி ஓகே என்று கட்டைவிரலைக் காட்டினான்.

படம் வரும். போஸ்டர் இல்லாமல் வரும். ஹாலில் இருந்த எங்கள் ஆட்கள் எல்லோரும் இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி ஆட்டினார்கள். நாங்கள் கைதட்டுவது அப்படித்தான்.

மெர்வின் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு இரண்டு கையும் எழும்பவில்லை.