பால்கனியில் தொங்கிய பை

"மாட்டிக்கிச்சு. எல்லாரும் இங்க வாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை, விருந்தாளி அறையிலிருந்து பூதக்கண்ணாடி கூப்பிட்டார்.

அவருக்குப் பிஸ்கட் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. குறை கண்டுபிடிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று அங்கே வைத்த பெயர் அது. வீட்டிலும் அதே வேலைதான், சம்பளம் மட்டும் கிடையாது. ஒன்றரை மாதமாக அவருக்கு முதுகில் அரிப்பு. மனைவி சோப்புத்தூளை மாற்றியதுதான் காரணம் என்று என்றைக்கோ தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள். அவளுடைய தம்பி வாயில் பிரஷ்ஷோடு வந்து நின்றான்.

வெள்ளைக் காகிதத்தில் ஒட்டிய செலோடேப்புக்குள் ஒரு பூச்சி. ஆப்பிள் விதை அளவு, தட்டையாக, செம்பழுப்பாக இருந்தது. பூதக்கண்ணாடி ஒரு கையில் லென்ஸும் மறு கையில் டார்ச்சுமாக, முதுகைச் சுவரில் தேய்த்தபடி விளக்கினார்.

"ஆறு கால். றெக்கை கிடையாது. கரப்பான் குஞ்சுன்னா மீசை நீளமா இருக்கும். இது மூட்டைப்பூச்சி. நம்ம வீட்டுல."

லாட்டரி விழுந்தவர் குரல். பிறகு மெதுவாக மச்சினன் பக்கம் திரும்பினார்.

தம்பி ஆறு வருஷமாக ஆண்கள் விடுதியில் இருப்பவன். புது வேலைக்குப் பயிற்சி என்று வந்து பத்து நாள் ஆகிறது, இன்னும் நாலு நாள் பாக்கி. கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவள் பிறந்த வீட்டு ஆள் ஒருத்தர் வந்து தங்குவது இதுதான் முதல் தடவை. இந்தப் பத்து நாளும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பூதக்கண்ணாடி விரல் விட்டு எண்ணினார். வந்த மறுநாளே முதுகு வலி என்று கட்டிலை விட்டுத் தரையில் படுத்தது ஏன்? தினமும் மெத்தையைத் தூக்கிக்கொண்டு போய் மொட்டை மாடி வெயிலில் போட்டது ஏன்? எல்லாவற்றுக்கும் மேலாக, தன் பையைப் பெரிய பிளாஸ்டிக் கவரில் போட்டு, வாயை இறுகக் கட்டி, பால்கனிக் கம்பியில் தொங்கவிட்டிருப்பது ஏன்?

"தெரிஞ்சேதான் கொண்டு வந்திருக்கே. அதான் பையை வெளியில வச்சிருக்கே, இல்ல?"

அக்கா தம்பியின் முகத்தையே பார்த்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டானா என்றிருந்தது அவளுக்கு.

"என்கிட்ட இருந்துதான் வந்திருக்கும் மாமா. விடுதின்னா அப்படித்தான். இன்னிக்கே கிளம்பிடுறேன்" என்றான் அவன், நுரையைத் துடைத்துக்கொண்டு.

இனி இந்த வீட்டுப் படியை அவன் மிதிக்கப் போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கண் கலங்கியது. பூதக்கண்ணாடியோ, குற்றவாளி ஒப்புக்கொண்ட செய்தியோடு சேர்த்தே மருந்தடிக்கும் கம்பெனிக்குப் போன் செய்துவிட்டார்.

பத்து மணிக்கு ஒரு பெண் வந்தாள். முதுகில் மருந்து டப்பா, நெற்றியில் டார்ச், கையில் காலாவதியான ஒரு பிளாஸ்டிக் கார்டு. பூதக்கண்ணாடி சொன்ன கதையைப் பாதியில் நிறுத்தினாள்.

"ஆள் யாருங்கிறது அப்புறம் சார். முதல்ல பூச்சியைக் கேப்போம்."

பால்கனியில் ஆரம்பித்தாள். பிறகு மெத்தைத் தையல், கட்டில் சந்து, ஸ்விட்ச் பெட்டி. அவள் குனிந்தால் மூன்று தலைகளும் குனிந்தன. கட்டிலில் ஒன்றிரண்டுதான் அகப்பட்டன. கூடு வேறெங்கோ இருக்கிறது என்றாள். அவள் கட்டிலுக்கு அடியில் புகுந்து ஒரு பெட்டியை இழுத்தாள்.

"அது என்னோட டூர் பெட்டி" என்றார் பூதக்கண்ணாடி.

ஜிப் ஓரத்துத் தையலுக்குள் கார்டை விட்டு ஒரு இழு இழுத்தாள். விரித்திருந்த செய்தித்தாளில் கரும்புள்ளிகள், வெள்ளை முட்டைகள், காய்ந்த தோல்கள், நடுவே நாலைந்து உயிருள்ளவை கொட்டின. பயத்தையும் மீறி மூவரும் கிட்டே வந்து பார்த்தார்கள்.

"தோலைப் பாருங்க, சின்னதுல இருந்து பெருசு வரைக்கும் அஞ்சு அளவு. வளர்றதுக்குள்ள அஞ்சு தடவ தோல் உரிக்கும். ஒவ்வொரு தடவையும் ரத்தம் குடிச்சாகணும். இது பத்து நாள் சமாசாரம் இல்ல, ரெண்டு மாசக் குடித்தனம். அப்போ எங்கேயாவது லாட்ஜ்ல தங்கினீங்களா சார்?"

தங்கியிருந்தார். திரும்பி வந்ததிலிருந்து தினமும் இந்த அறையில்தான் மேட்ச் பார்த்தபடி தூங்கியும் போயிருந்தார். சுவரில் உரசிக்கொண்டிருந்த முதுகு நின்றது.

ஆனாலும் விடவில்லை. "அப்போ அந்தப் பை? அதுலயும் பூச்சி இருக்கப்போய்த்தானே கட்டித் தொங்கவிட்டிருக்கான்?"

"அதைத்தான் முதல்ல பிரிச்சுப் பாத்தேன் சார். ஒரு முட்டைகூட இல்ல. உள்ள இருக்கிறது வெளிய வராம இருக்கக் கட்டினது இல்ல அது. இந்த வீட்டுப் பூச்சி அதுக்குள்ள போகாம இருக்கக் கட்டினது."

அக்கா தம்பியிடம் திரும்பினாள். "உனக்கு எப்போடா தெரியும்?"

"வந்த அன்னிக்கே. ஆறு வருஷம் இதுங்களோடதானே இருக்கேன்."

"அப்புறம் ஏன் பழியை வாங்கிக்கிட்டே?"

அவன் மாமாவைப் பார்க்காமல், குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"சோப்புத்தூளுக்கே ஒன்றரை மாசமா உன்னைப் போட்டு வறுக்கிறார். மூட்டைப்பூச்சின்னா உன்னைச் சும்மா விடுவாராக்கா?"