காணாமல்போன கீழ்ப்பிரிவு

“லீவெல்லாம் குடுக்க முடியாது தனுஷிகா. காலையிலயே சொல்லிட்டேன்.”

கணேசமூர்த்தி கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அம்மாவ குளவி கொட்டிருச்சுங்க சேர். மலையில கொழுந்து எடுக்கிறப்ப. மூஞ்சியெல்லாம் வீங்கி தோட்டத்து ஆஸ்பத்திரியில கிடக்கிறாங்க. கூட இருக்க ஆளில்ல.”

“நான் கொழும்பு ஹெட் ஆபீசுக்குப் பேசுனேனா இல்லையா? மேப் அனுப்புற வரைக்கும் யாருக்கும் லீவு இல்லன்னுட்டாங்க. மீறிப் போனா வேலை போச்சு. போறியா?”

வேலையை விடமுடியாது என்று தனுஷிகாவுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஹட்டன் கடைவீதியில், ஒரு துணிக்கடைக்கு மேலே இருக்கும் சின்ன அலுவலகம் அது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களில், மண்சரிவு அபாயமுள்ளவற்றை வரைபடத்தில் குறிப்பதுதான் வேலை. தனுஷிகா தோட்டம் தோட்டமாக நடப்பாள். ஒவ்வொரு லயத்துக்கு முன்னாலும் நின்று, கையிலிருக்கும் ஜீபீஎஸ் கருவியில் ஒரு புள்ளி எடுப்பாள். கணேசமூர்த்தி அவற்றைக் கணினிக்கு மாற்றுவார். வரைபடத்தில் அவை சிவப்புச் சிவப்பாக விழும். போன மாதம் மஸ்கெலியாவிலிருந்து வந்து சேர்ந்த அம்ஜத் அவருக்கு உதவியாள்.

அன்றும் அவள் கருவியை மேசையில் வைத்தாள். அவர் வயரைச் செருகினார். திரையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார்.

“தோட்டத்துல கீழ்ப்பிரிவு எங்க?”

“எடுத்தேனே சேர்.”

“எடுத்திருந்தா இங்க இருக்கணும். மேல்பிரிவு இருக்கு. பெக்டரிப் பக்கம் இருக்கு. கீழ்ப்பிரிவுல ஒரு பொயின்ட் இல்ல. லயத்தையெல்லாம் ஆறு அடிச்சிக்கிட்டுப் போயிருச்சா?”

“ஒவ்வொரு வாசல்லயும் நின்னு எடுத்தேன் சேர். கருவியில திரும்பப் பாருங்களேன்.”

“மாத்தி முடிச்சதும் கருவியில அழிச்சாச்சு. அட்டை கடிக்கும்னு பயந்து ரோட்டுல நின்னே அமத்திட்டு வந்திருப்ப.”

அவள் கண் கலங்கிவிட்டது. அம்ஜத் தலையைக் குனிந்துகொண்டான்.

“அழுது என்ன செய்ய? நாளைக்கு முதல் பஸ்ஸைப் புடி. ஒரு லயம் விடாமத் திரும்ப எடு. ஒரே நாள்ல முடியாட்டி அங்கயே தங்கு. அரையும் குறையுமா மட்டும் ஹட்டனுக்கு வந்துறாத.”

கருவியை எடுத்துக்கொண்டு அவள் படியிறங்கிப் போனாள்.

மறுநாள் காலை கணேசமூர்த்தி தேத்தண்ணி வாங்கக் கீழே போன நேரத்தில், அம்ஜத் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தான். நேற்றிலிருந்து அவனுக்கு மனது சரியில்லை. தாய் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், மகள் மழையில் லயம் லயமாக அலைகிறாள். மனிதர்தானா இவர்? தானாவது ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். ஏன் பேசவில்லை? வேலைக்குப் புதிது என்பது ஒரு காரணமா?

எங்காவது பிசகியிருக்கிறதா என்று தேடினான். திரையின் இடது பக்கத்தில் பிரிவுகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சின்னக் கட்டம், கட்டத்துக்குள் ஒரு சரி அடையாளம். கீழ்ப்பிரிவின் கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது.

அதில் ஒரு தட்டுத் தட்டினான்.

கீழ்ப்பிரிவு முழுவதும் வந்து விழுந்தது. ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு சிவப்புப் புள்ளி. ஒன்றும் விடுபடவில்லை.

அம்ஜத்துக்கு ஆத்திரம் பொங்கியது. இந்தக் கட்டத்தைப் பார்க்கத் தெரியாமலா அந்தப் பிள்ளையை அப்படி ஏசினார்? உடனே போனை எடுத்து தனுஷிகாவின் நம்பரை அழுத்தினான். மணி போய்க்கொண்டிருந்தது.

“யாருக்கு?”

இரண்டு கையிலும் பிளேன்டீயோடு கணேசமூர்த்தி கதவருகே நின்றார்.

“தனுஷிகாவுக்கு சேர். திரும்பி வரச் சொல்லப் போறேன்.” அம்ஜத் எழுந்திருக்கவில்லை. “எல்லாப் புள்ளியும் இங்கதான் இருக்கு. நீங்கதான் டிக் போடாம விட்டிருக்கீங்க. அந்தப் புள்ள மேல ஒரு பிழையும் இல்ல.”

அவர் தேத்தண்ணியை மேசையில் வைத்தார். குனிந்து மவுஸைப் பிடித்து அந்தக் கட்டத்தில் ஒரு தட்டுத் தட்டினார்.

கீழ்ப்பிரிவு மறுபடியும் காணாமல் போனது.

“லீவு குடுக்க எனக்கு அதிகாரமில்ல அம்ஜத். பிழை வந்தா ஆள அனுப்ப அதிகாரமிருக்கு.”

அம்ஜத் அவரையே பார்த்தான்.

“அவ அம்மா இருக்கிற ஆஸ்பத்திரி அந்தக் கீழ்ப்பிரிவுலதான் இருக்கு.”

போனில் இன்னும் மணி போய்க்கொண்டிருந்தது.

“அப்ப கொழும்புல அவளுக்குக் கெட்ட பேரு வராதா சேர்?”

“பாதியில நான்தான் வயரப் புடுங்கிட்டேன்னு சொல்லியிருக்கேன். ஏச்சும் வாங்கியாச்சு.”

“அவகிட்டயாவது சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா போயிருக்க மாட்டா. பொய் சொல்லி ஒரு நாள் லீவு எடுக்கிற புள்ள இல்ல அது.” அவர் ஒரு பிளேன்டீயை அவன் பக்கம் நகர்த்தினார். “குடி. ஆறிப் போகுது.”

மறுமுனையில் போனை எடுத்தார்கள்.

“அம்ஜத் நானா, சொல்லுங்க. இப்பதான் அம்மாவுக்குக் கஞ்சி குடுத்தேன். சேர்கிட்டச் சொல்லிறாதீங்க, இந்தா வேலையத் தொடங்கிருவேன். அவசரமா?”

அம்ஜத் கணேசமூர்த்தியைப் பார்த்தான். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“இல்ல தங்கச்சி. அந்தப் பக்கம் செட்டலைட் சிக்னல் கிடைக்கிறது ரொம்பக் கஷ்டமாம். ரெண்டு மூணு நாளானாலும் பரவாயில்ல, மெதுவா எடுக்கச் சொல்லி சேர் சொல்றாரு.”