மொட்டைக்குக் காரணம்

கறுப்பு வெல்வெட் தட்டில் அது விழுந்தது. வைரத் தோட்டுக்கு அரை விரல் தள்ளி.

வெள்ளையாக. வைரத்தைவிடப் பெரிதாக.

அவன் ஊதிவிடப் பார்த்தான். அதற்குள் குனிந்த தலையிலிருந்து இன்னொன்று விழுந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த கல்யாணப் பெண் கையை இழுத்துக்கொண்டாள். அவளுடைய அம்மா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தாள்.

"வேற ஆள் இருந்தா காட்டச் சொல்லுங்க."

மெதுவாகத்தான் சொன்னாள். அந்தத் தளமே திரும்பிப் பார்த்தது.

கோவையில் அந்த நகைக்கடையில் அவனுக்குப் பதினோரு வருடம். வெள்ளிக் கொலுசு விற்றுக்கொண்டிருந்தவனை மூன்று வருடத்துக்கு முன்புதான் வைரத்துக்கு ஏற்றினார்கள். வைரத்துக்கு நிற்பவன் கறுப்புக் கோட் போட வேண்டும். நாள் முழுக்க ஏ.சி. காற்று உச்சந்தலையில் இறங்கும். தலை காயும். கோட்டின் தோள் வெளுக்கும்.

மேனேஜர் சென்னியப்பன் அவனைத் தனியே கூப்பிட்டார். திட்டவில்லை. தன் கைக்குட்டையால் அவன் தோளைத் தட்டிவிட்டார். தட்டிய கைக்குட்டையைக் குப்பைக்கூடையில் போட்டார்.

"நாளைக்கு உனக்கு வார லீவு. வியாழக்கிழமை வர்றப்ப இதெல்லாம் இருக்கக் கூடாது. இருந்தா கோட்டைக் கழட்டிக் குடுத்துட்டு குடோனுக்குப் போயிரு."

அவன் என்ன செய்யாமல் விட்டான்? எலுமிச்சை தேய்த்தான். புளித்த தயிர் தேய்த்தான். வேப்பிலை அரைத்துப் பூசினான். தோல் டாக்டர் எழுதிக் கொடுத்த ஷாம்பு மூன்று பாட்டில் தீர்ந்தது. லீவு நாட்களில் அப்பா சின்ன வெங்காயம் அரைத்துச் சாறு பிழிவார். நாற்பது வயதுப் பிள்ளையைப் படியில் உட்காரவைத்து, மில்லில் அறுந்த நூலை முடிச்சுப் போட்டுப் போட்டுக் காய்த்த விரல்களால் தேய்த்துவிடுவார். வெங்காய வாடை அடிக்கிறது என்று கடையில் ஒரு புகார் வந்தது. அதோடு அதையும் நிறுத்தினான்.

எது தேய்த்தாலும் நாலு நாள். அப்புறம் மறுபடி அரிப்பு. மறுபடி நகக்கண்ணில் வெள்ளை.

புதன்கிழமை காலையில் போய் மொட்டை அடித்துக்கொண்டான்.

"நல்லதாப் போச்சு, காத்துப் படட்டும்" என்று அப்பா தலையைத் தடவிப் பார்த்தார். வீட்டில் அவனும் அவரும்தான்.

வியாழக்கிழமை அவன் கடைக்குள் நுழைந்ததும் பில் போடும் சுகந்தி எழுந்து நின்றாள். யாரும் குட் மார்னிங் சொல்லவில்லை. சென்னியப்பன் படியில் வேகமாக இறங்கி வந்து அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"யாருப்பா? அப்பாவா?"

பொடுகு என்று சொல்லியிருக்கலாம்.

சுற்றிலும் எட்டுப் பேர். எட்டு முகத்திலும் அவனுக்காக வருத்தம். பதினோரு வருடத்தில் அங்கே அப்படி யாரும் அவனைப் பார்த்ததில்லை.

"ஆமாங்க."

"எப்ப?"

"நேத்துக் காலைல."

"அப்பறம் எதுக்கு இன்னைக்கு வந்தே? போ சாமி. காரியமெல்லாம் முடிச்சுட்டு வா. உன் கவுண்டர் எங்கயும் போயிராது."

வீட்டுக்குத் திரும்பினான். பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காரவில்லை.

அப்பா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஏன் திரும்பி வந்தான் என்று கேட்டார். லீவு கொடுத்துவிட்டார்கள் என்றான். அவர் கீரையை ஓரமாக வைத்தார். அவனுக்கும் சேர்த்து அரிசி களைந்தார்.

மூன்று மணிக்கு வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

சென்னியப்பன் இறங்கினார். பின்னால் சுகந்தி. அவள் கையில் பெரிய ரோஜா மாலை.

கதவைத் திறந்தது அப்பா.

"கடையிலிருந்து வர்றோமுங்க. அவங்கப்பா தவறிட்டாருன்னு..." சென்னியப்பன் செருப்பைக் கழற்றினார். "நீங்க அவருக்கு என்ன வேணுமுங்க?"

அப்பா மாலையைப் பார்த்தார். திரும்பி அவனுடைய மொட்டைத் தலையைப் பார்த்தார்.

அவன் சுவரைப் பார்த்தான்.

"தம்பிங்க," என்றார் அப்பா. "செத்தது எங்கண்ணன். உள்ள வாங்க."

பாய் விரித்தார். வந்தவர்கள் உட்கார்ந்தார்கள்.

"வயசு என்னங்க?"

"எழுபத்திரண்டு."

அது அவருடைய வயதுதான்.

"ரொம்ப நாளாப் படுக்கைங்களா?"

"இல்லீங்க. ரசஞ்சோறு உண்டுட்டுப் படுத்தாரு. காலைல எந்திரிக்கல." பாயின் ஓரத்தை நீவிவிட்டார். "யாருக்கும் தொந்தரவு குடுக்கல."

சுகந்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சென்னியப்பன் மாலை போடப் படத்தைத் தேடினார். சுவரில் காலண்டர்தான் இருந்தது.

"படத்துக்கு இன்னும் பிரேம் போடலீங்க," என்றார் அப்பா. "இப்படிக் குடுங்க."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

ஆட்டோ திரும்பும்வரை வாசலில் கும்பிட்டபடி நின்றார். உள்ளே வந்து, வைக்க இடம் தெரியாமல், மாலையை அரிசி டின் மேல் வைத்தார்.

"அப்பா..."

அவர் கையமர்த்தினார்.

"மறுபடி எப்பக் கடைக்குப் போகோணும்?"

"பதினாறு நாள் கழிச்சு."

"நடுவுல வந்தாலும் வருவாங்க."

கிட்டே வந்து அவன் முகத்தைப் பார்த்தார். உள்ளே போய்த் தன் சவர டப்பாவை எடுத்து வந்தார். கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றினார். சோப்பை அவரே குழைத்தார்.

"உக்காரு," என்றார். "அப்பன் செத்தவனுக்கு ஏதுடா மீசை?"